குரவை கேட்ட பக்கம்

வழியில் யாரும் வந்து நிற்கக் கூடாது என்று சொன்னது நான்தான். அன்பாகச் சொல்லவில்லை, எரிந்து விழுந்துதான் சொன்னேன். கல்லடிப் பாலத்தடியில் மாரத்தன் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. இளவட்டங்கள் எல்லாம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்க, நாற்பத்தேழு வயதுக்காரன் நான் பின்வரிசையில் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி நின்றேன். அந்த நேரம் பார்த்து என் அக்கா குரவை போட்டார். கல்யாணத்திலும் கோயிலிலும் எங்கள் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற ஒலிதான் குரவை. அக்காவின் குரவை ஊரிலேயே பேர்போனது. ஊருக்குள் புகுந்து கிடக்கும் கடலேரியான வாவிக்கு இந்தப் பக்கம் அவர் போட்டால் அந்தப் பக்கம் நாய் குரைக்கும். ஓட வந்தவர்கள் முழுப்பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன மச்சான், ஓட்டமா, தாலிகட்டா?” என்றான் என் கூட்டாளி. காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவன், எனக்கும் அவன் மச்சான்தான். கடையின் வெள்ளை வான் வண்டியில் என் மனைவியையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வந்தது அவன்தான். வழிநெடுக நாலைந்து இடத்தில் வானை நிறுத்தி எனக்குக் கைதட்டுவதென்று மூவரும் முதல்நாளே பேசி முடிவுகட்டியிருந்தார்கள். மனைவியின் பையில் பேரீச்சம்பழம், சீனி போட்ட தேசிக்காய்த் தண்ணீர், துவாய் என்று ஒரு சின்னக் கடையே இருந்தது.

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“இனி வழியில உங்கட முகத்தக் கண்டன் எண்டா, அதிலயே ஓட்டத்த விட்டுட்டு வீட்ட போயிருவன். கைதட்டுக்கு ஓடுற ஆள் இல்ல நான்.”

மனைவி பையைத் திறந்தாள். இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் அவற்றைத் திரும்பப் போட்டுப் பையின் வாயைக் கட்டினாள்.

நீர்ப்பாசனக் கந்தோரில் இருபது வருடம் கதிரையைத் தேய்த்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடக்கத் தொடங்கியவனுக்கு ஓடலாம் என்று தோன்றியது, ஓடத் தொடங்கியவனுக்குத் தலைக்கனம் வந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் தனியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அன்று காலையில் சீனிக் குளிசையை விழுங்கிவிட்டு ஒரு துண்டுப் பாண் மட்டும் சாப்பிட்டிருந்தேன். வயிறு பாரமாக இருந்தால் ஓட முடியாது என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

ஓட்டப் பாதை வாவியை ஒரு சுற்றுச் சுற்றியது. நகரத்தைத் தாண்டி வலையிறவுப் பாலத்தால் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். சூரியன் படுகிற பக்கம் என்பதால் அதைப் படுவான்கரை என்போம். அங்கே வயலோரமாகத் தெற்கே போய், மண்முனைப் பாலத்தால் மறுபடி இக்கரை ஏறி, ஆரையம்பதி, காத்தான்குடி வழியாகக் கல்லடிக்கே திரும்ப வேண்டும்.

நகரத்துக்குள் சனம் நின்றது. அவரவர் ஆட்களைக் கண்டதும் கத்தினார்கள். எட்டாம் கிலோமீற்றரிலேயே ஒரு பிள்ளை, “முடிஞ்சிது! கிட்ட வந்திட்டீங்க! விட்டிராதீங்க!” என்று எனக்குப் பக்கத்தில் ஓடியவனைப் பார்த்துக் கூவினாள். இன்னும் முப்பத்துநாலு கிலோமீற்றர் கிடந்தது. பச்சைப் பொய். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். விசரன் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து யாரும் கத்தவில்லை. அதுவும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

வலையிறவுப் பாலம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அது தொடங்கியது. வைகாசி மாதம். கச்சான் காற்று வயல்வெளியால் வந்து முகத்தில் அடித்தது. மேற்கிலிருந்து வரும் சூடான காற்று அது, வேர்வையைத் துளியாகவே விடாது, அப்படியே உறிஞ்சிவிடும். எனக்கு முன்னால் ஓடியவன் ஒரு வளைவில் மறைந்தான். வளைவு தாண்டிப் பார்த்தால் ரோட்டில் அவன் இல்லை. பின்னாலும் யாரும் இல்லை. முன்னால் போனவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள், பின்னால் வருகிறவர்கள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு கிராமம் வந்தது. வீடுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஒரு முற்றத்தில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது, அடுப்படியில் ஆள் இல்லை. வேலியில் சாத்தியிருந்த சைக்கிளின் பின்சில்லு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ இறங்கிப் போன மாதிரி. ஆனால் இறங்கியவரைக் காணவில்லை. நாய்கூட இல்லை. படுவான்கரையில் நாய் குரைக்காத ஊரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்து ஓட்டக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும் மேசை. வெள்ளைத் துணி விரித்து, தண்ணீர் நிரப்பிய கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தது. பின்னால் மூன்று கதிரை, மூன்றும் வெறுமை. கோப்பைகளில் தண்ணீர் காற்றுக்குச் சின்னதாக நடுங்கிக்கொண்டிருந்தது. “ஆராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு, பழத்தைத் தொடாமல் ஓடினேன். சீனிக்காரனுக்குப் பழம் எதற்கு என்ற வீறாப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

அங்கிருந்துதான் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எனக்குப் பின்னால், என் காலோடு கால் வைத்து யாரோ வந்தார்கள். நான் நின்றால் அதுவும் நின்றது, ஆனால் ஒரு எட்டுப் பிந்தி நின்றது. திரும்பிப் பார்த்தேன். வெறும் தார்ரோடு. வலது பக்கம் வயல், இடது பக்கம் சேற்றில் நிற்கும் கண்ணா மரப் பற்றைகளுக்கு அங்கால் வாவி. அத்தனை காற்றிலும் தண்ணீர் அசையவே இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல வெட்கம்தான். பட்டப்பகலில், நான் பிறந்து வளர்ந்த மாவட்டத்தில், தார்ரோட்டில் நின்று பயந்தேன். அக்காவின் முகம், மனைவியின் முகம், அந்த வாயாடி மச்சானின் முகம், ஒன்றையாவது கண்டால் போதும் என்று மனம் அடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு அந்த வெள்ளை வானைத் தேடினேன். இருபது வருடமாக என் சொல்லை ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுகிறவள், அன்றைக்குத்தானா கேட்க வேண்டும்?

இருபத்தாறாம் கிலோமீற்றர் பலகையைக் கண்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் வேர்வை குளிர்ந்திருந்தது. விரல்கள் தம் பாட்டில் நடுங்கின. ரோட்டின் இரண்டு ஓரமும் கறுத்து, நடுவில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அப்போது குரவை கேட்டது.

வலது பக்கத்திலிருந்து, ரோட்டை விட்டுப் பிரிகிற ஒரு மணல் ஒழுங்கைக்குள் இருந்து வந்தது. நீண்டு, உடைந்து, மறுபடி எழுந்தது. அக்காதான். வேறு யாராக இருக்கும்? சொல்லச் சொல்லக் கேட்காமல் வந்து நிற்கிறார். ஏச வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் ஓடிப்போய் அவருடைய தோளில் தலையை வைக்க வேண்டும்போல இருந்தது. பாதை நேரே போகிறது என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். நான் குரவை கேட்ட பக்கம் திரும்பினேன்.

வைகாசியில்தான் எங்கள் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான். கடைசி நாளில், அன்று அந்த நாள்தான், ஊர் முழுக்கக் கோயிலடியில் கிடக்கும், அடுப்பை அணைக்கவும் மறந்து ஓடுவார்கள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விடயம் இது. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்கு எதுவுமே தெரியவில்லை. காலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஒழுங்கை வாசலில் வேப்பிலைத் தோரணத்தைக் கண்டதும் கால் தானாக நின்று சப்பாத்தைக் கழற்றி, சோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறது.

சிவப்புப் பெனியன், வெறுங்கால், தள்ளாடுகிற நடை, வாயில் முணுமுணுப்பு. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிவப்புப் பெனியன் என்று ஓட்டத்தை நடத்தியவர்கள் தந்திருந்தார்கள். தெய்வம் ஏறியவர்களின் கோலமும் இதுதான் என்று அவர்கள் எங்கே யோசித்தார்கள்!

நான் முற்றத்துக்குள் கால் வைத்ததும் குரவை நின்றது. உடுக்குச் சத்தமும் நின்றது. சனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அக்காவைத் தேடினேன். ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்தார்கள். கிழவர்களும் கைகூப்பினார்கள். யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைப்பு. சொல்லியிருக்க மாட்டேன்.

பூசாரி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஆரு வந்திருக்கிறது? சொல்லணும்.”

தெய்வம் ஏறி வந்தவரிடம் முதலில் கேட்கிற கேள்வி அது. நான் என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. கிணற்றில் வாளியை விட்டு, கயிறு முழுக்க முடிந்தும் தண்ணீர் தட்டாத மாதிரி இருந்தது. ஊர் தெரியவில்லை, வீடு தெரியவில்லை. “ஆரு வந்திருக்கிறது?” என்று அவர் மறுபடியும் கேட்டார். அதைவிடப் பயங்கரமான கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்போது ஒரு அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தார். எழுபதை நெருங்கியவர், மெலிந்த கை, ஆனால் இறுக்கமான பிடி.

“தாயே, சைக்கிள்ல கடைக்குப் போன என்ட மகன் இன்னும் வரல்ல. எத்தினையோ வருசமாப் போயிட்டு. வருவானா? சொல்லு தாயே.”

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்பதும் தெரியாது.

தெரிந்த அடுத்த விடயம் என் பெயர். ஒரு பெண் என் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகி இருபது வருடம், என் மனைவி என்னை “இஞ்சேருங்க” என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

“பேரச் சொல்லாத கா! அம்மாள் கோவிப்பா!” என்று யாரோ அதட்டினார்கள்.

“அம்மாள் இல்ல! இது என்ட மனிசன்! சீனி குறைஞ்சிட்டு, விடுங்க!”

தேசிக்காய்த் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. பாதி மூக்கால் வந்தது. பேரீச்சம்பழத்தை விரலால் பிய்த்து என் கன்னத்துக்குள் திணித்தாள். தோரணத்துக்கு வெளியே என் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மச்சான் நின்றான். அவனும் என் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தான். அக்கா அழுதுகொண்டிருந்தார். பெயர் மெல்ல மெல்ல என்மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர்கள் வீட்டுக்குப் போகவே இல்லை. நான் காணக் கூடாது என்று, மண்முனைப் பாலத்துக்கு இங்கால் வானைப் பற்றைக்குள் மறைத்துவிட்டு ஒளிந்து நின்றிருக்கிறார்கள். சத்தம் போடாமல், நான் ஓடிப் போவதை மட்டும் பார்க்கவாம். எனக்குப் பிந்தியவர்கள் எல்லாம் கடந்து போக, நான் மட்டும் வரவில்லை. திரும்பி வந்து தேடியபோது மச்சான் ஒழுங்கை வாசலில் என் சப்பாத்தைக் கண்டிருக்கிறான். அது அவன் எனக்கு வாங்கித் தந்த சப்பாத்து. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் ஆளைக் கொண்டுவந்தும் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன். இதை நான் அவர்களிடம் சொன்னேன், அழுதும்விட்டேன். “சரி சரி, அடுத்தமுற கைதட்ட விடு,” என்றான் மச்சான்.

மூன்றாம் நாள் அவன் தன் தொலைபேசியைக் கொண்டுவந்தான். கோயிலடியில் யாரோ எடுத்த காணொளி, கைக்குக் கை மாறி அவனிடம் வந்திருக்கிறது. காட்டலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்று யோசித்தான்.

அதில் நான் நிற்கிறேன். மஞ்சள் தண்ணீர் வடிகிறது. அந்த அம்மா கேட்கிறார். என் தலை அவர் பக்கம் மெல்லத் திரும்புகிறது. பிறகு என் வாய் அசைகிறது.

“வாறான். கிட்ட வந்திட்டான். விட்டிராத.”

உரத்த, தெளிந்த, வயதே இல்லாத குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. எனக்குக் கரகரத்த தொண்டை, கந்தோரில் கூப்பிட்டால் பக்கத்து மேசைக்கே கேட்காது.

“மச்சான், இது உன்ட குரல் இல்ல,” என்றான் அவன், மெதுவாக.

“அவர்ர குரல்தான். வேற ஆர்ர?” என்றாள் மனைவி. ஆனால் அவள் இரண்டாம் தரம் அதைப் பார்க்க வரவில்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நகரத்து ரோட்டோரத்தில் காலை முழுக்க மற்றவர்களுக்காகக் கத்தப்பட்ட சொற்கள் அவை. எனக்கென்று யாரும் கத்தாததால் அவற்றைப் பொறுக்கி வைத்திருந்திருக்கிறேன்போலும். அவற்றை ஒரு தாயிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த அம்மா மத்தியானத்தில் இரண்டு தட்டில் சோறு போடுகிறாராம், படலையைப் பூட்டுவதே இல்லையாம் என்று அக்காவுக்கு யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது பொய் என்று அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாகும்வரை அந்த இரண்டாவது தட்டுக்கு நான்தான் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். படலை அகலத் திறந்திருந்தது, காற்றுக்கு மூடிவிடாதபடி கயிற்றால் வேலியோடு கட்டியிருந்தார். அவர் வாசலில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களை இருக்கச் சொன்னார்.

“அம்மா, அண்டைக்கு உங்களுக்கு வாக்குச் சொன்னது அம்மாள் இல்ல, நான்தான். சீனி குறைஞ்சு, நினைவில்லாம உளறினது. உங்கட மகன எனக்குத் தெரியாது. நான் சொன்னத நம்பி இருக்காதீங்க.”

அவர் புடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் மனே.”

“என்ன தெரியும்?”

“நீங்க ஓட வந்த ஆள் எண்டு. நெஞ்சில நம்பர் குத்தியிருந்திச்சி. கையில மணிக்கூடு கீக் கீக் எண்டு கத்திச்சி. அம்மாள் மணிக்கூடு கட்டிக்கிட்டா வருவா?”

மனைவி சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப ஏன் கேட்டீங்க?”

“காலையில கோயிலுக்குப் போக முன்னம் நான் இந்தப் படலையிலதான் நிண்டன். முன்னுக்கு ஓடின பொடியனுக்கு அவன்ட ஆக்கள் கத்தினாங்க, கிட்ட வந்திட்டாய், விட்டிராத எண்டு. எங்க கிட்ட? மண்முனைப் பாலமே எவ்வளவு தூரம் கிடக்கு. அவனுக்கும் தெரியும்தானே? தெரிஞ்சும் அவன்ட கால் எழும்பிச்சி.” ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். “எனக்கு எல்லாரும் விடு எண்டுதான் சொல்றாங்க. காணாமப் போன ஆக்களத் தேடுற கந்தோர்லயும் விடு எண்டுறாங்க. மகளும் விடு எண்டுறாள். ஒருத்தர்ர வாயிலயாவது விட்டிராத எண்டு கேக்கணும் போல இருந்திச்சி. கேட்டன்.”

நாங்கள் புறப்பட எழுந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“போகக்குள்ள அத ஒருக்காச் சொல்லிட்டுப் போங்க.”

“எத?”

“அண்டைக்குச் சொன்னத.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். “வாறான் அம்மா,” என்றேன், எனக்கே கேட்காத கரகரப்பில்.

“இப்பிடி இல்ல மனே. ரோட்டில நிண்டு சொல்ற மாதிரி.”

முற்றத்தின் நடுவே போய் நின்றேன். அன்று காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். குளிசை சரி, தண்ணீர் சரி, என் பெயர், ஊர், வீட்டு இலக்கம் எல்லாம் எனக்குத் தெரியும். மூச்சை இழுத்துக் கத்தினேன்.

“வாறான்! கிட்ட வந்திட்டான்! விட்டிராத!”

வெளியே வந்தது, தொலைபேசியில் கேட்ட அந்தக் குரல்.

கோழிகள் சிதறி ஓடின. மனைவி என் கையைப் பிடித்தாள், அவளுடைய கை குளிர்ந்திருந்தது. அந்த அம்மா சுளகைக் கீழே வைத்தார். எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திறந்து கிடந்த படலையைப் பார்த்தார். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.